மீட்டரை ப்ளோயரில் மாட்டுங்கள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திட்டம் போடுபவர்களுக்கும் நிதி ஒதுக்குபவர்களுக்கும்,

வணக்கம்.

நுண்ணுயிர் மின்கலம் என்று பேச்செடுத்தாலே நீங்கள் முதலில் கேட்பது, "எத்தனை யூனிட் கிடைக்கும்?" அப்படிக் கேட்கப் பழக்கியதே எங்களைப் போன்ற ஆய்வுக்கூடத்துக்காரர்கள்தான். சாக்கடை நீரில் எல்இடி எரிவதைக் காட்டிக் கைதட்டல் வாங்கியது நாங்கள். அந்த எல்இடிக்கு எவ்வளவு சொற்ப மின்சாரம் போதும் என்பதை மட்டும் சத்தமாகச் சொல்லவில்லை.

நடப்பது இதுதான். காற்றுப் புகாத கழிவுநீரில் கார்பன் ஃபெல்ட் (கம்பளம் போன்ற கார்பன் இழைத் துணி) துண்டைப் போட்டு வைத்தால், சில வாரங்களில் அதன்மேல் வழவழவென்று ஒரு படலம் ஏறும். அதில் குடியேறும் ஜியோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று, எலக்ட்ரான்களைக் கார்பனிடம் தள்ளிவிடும். அவை கம்பி வழியே ஓடி, ஒரு பக்கம் காற்றைத் தொட்டு நிற்கும் கேத்தோடு என்ற எதிர்ப்பக்க மின்முனையில் ஆக்சிஜனைச் சேரும். பாக்டீரியாவிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1911-லேயே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். சி. பாட்டர் காட்டிவிட்டார்.

ஏட்டுக்கணக்கில் ஒரு கலத்துக்கு 1.1 வோல்ட். லோடு கொடுத்தால் மீட்டர் 0.3-க்கும் 0.5-க்கும் நடுவில் நிற்கும். தொடராக இணைத்தால் கூடுமே என்பீர்கள். இணைத்தோம். ஒரு கலத்துக்குத் தீனி குறைந்த அன்று அதன் வோல்ட் அளவுக்கு முன்னால் மைனஸ் குறி வந்து நின்றது. மற்றக் கலங்களின் உழைப்பை அது தின்றுகொண்டிருந்தது.

ஆகவே மின்நிலையமாக இது தேறாது. ஆனால் உங்கள் நிலையத்தின் கரண்ட் பில்லைப் பாருங்கள். 1914-ல் மான்செஸ்டரில் பிறந்த அதே ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறைதான், அதாவது காற்றூதி வளர்த்த பாக்டீரியாக்களை அழுக்கைத் தின்ன வைக்கும் முறைதான், இன்றும் ஓடுகிறது. தொட்டிக்குக் காற்றூதவே ஏறக்குறைய பாதி மின்சாரம் போகிறது. இந்தக் கலத்துக்கு ப்ளோயர் என்ற காற்றூதும் இயந்திரம் வேண்டாம், ஆக்சிஜன் தானாகவே உள்ளே வரும். பாக்டீரியா தன் ஆற்றலில் ஒரு பங்கைக் கம்பிக்குக் கொடுத்துவிடுவதால் பெருகுவதும் குறைவு. அதனால் கசடும் குறையும். கசடை உலர்த்தி அப்புறப்படுத்த ஆகும் செலவை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குறையும் உண்டு. கேத்தோடில் உப்பும் படலமும் படிந்து அடைத்துக்கொள்ளும். அம்மோனியாவுக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

கேட்பது இவ்வளவுதான்: வரும் நீரில் ஒரு சிறு கிளையை 2 ஆண்டுகளுக்கு இந்தக் கலங்களுக்குத் திருப்பி விடுங்கள். மாணவர்கள் கையில் வேண்டாம், உங்கள் ஆபரேட்டர்களே ஓட்டட்டும். கேத்தோடைக் கழுவிய நாட்களையும் சேர்த்தே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மின்சாரத்தை அளக்கும் மீட்டரை எங்கள் கலத்தில் மாட்டாமல், உங்கள் ப்ளோயரில் மாட்டுங்கள்.

இப்படிக்கு,
மின்கலம் ஓட்டும் ஆய்வாளர் ஒருவர்