கொடி தொய்ந்தே இருக்கட்டும்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

பால்கனியில் கட்டிய துணிக்கொடி, ஈர ஜமக்காளத்தைப் போட்ட சற்று நேரத்திற்கெல்லாம் பெயர்ந்து விழுந்ததாகவும், கடைக்காரர் மட்டமான கொக்கியைத் தந்து ஏமாற்றிவிட்டதாகவும் சொன்னாய். நீ அனுப்பிய படத்தை உற்றுப் பார்த்தேன். கொக்கி வளையவில்லை, உடையவும் இல்லை. அதன் மரையில் சுவர்ப்பூச்சு கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஆகவே கடைக்காரரைத் திட்டாதே. கொடியை நீ விறைப்பாக இழுத்துக் கட்டியதுதான் வினை.

துணியின் எடை கீழ்நோக்கி இழுக்கும்போது, அதைத் தாங்கும் விசை மேல்நோக்கி இருக்க வேண்டும். கிடையாக நிற்கும் கயிற்றுக்குப் பக்கவாட்டில் மட்டுமே இழுக்கத் தெரியும். அது தொய்ந்து சாய்ந்தால்தான் இழுவிசையில் ஒரு பங்கு மேல்நோக்கித் திரும்பும். சாய்வு குறையக் குறைய அந்தப் பங்கும் சிறுத்துவிடுவதால், அதே எடையைத் தாங்கக் கயிறு பன்மடங்கு விறைக்க நேரிடுகிறது. 10 அடிக் கொடியின் நடுவில் 5 கிலோ ஜமக்காளத்தை மடித்துத் தொங்கவிட்டு, கொடி ஒன்றரை அங்குலமே தொய்ந்தால், ஒவ்வொரு கொக்கியையும் ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு ஈடான விசை இழுக்கும். அரை அடி தொய்வு இருந்தால் அது 25 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். அதே ஜமக்காளத்தைக் கொடி நெடுக விரித்துப் போட்டால், அதிலும் பாதிதான்.

இன்னொன்றும் உண்டு. சுவரில் அடித்த ஆணி கீழ்நோக்கிய சுமையை நன்றாகவே தாங்கும். நேராக வெளியே இழுத்தால் எளிதில் கழன்றுவிடும். விறைத்த கொடி இழுப்பதோ அந்தத் திசையில்தான். திருமணமான புதிதில் நானும் கொடியில் குச்சியைச் செருகி முறுக்கி, சுண்டினால் தம்புராவைப் போல ஒலிக்கும் அளவுக்கு விறைக்க வைத்துப் பெருமைப்பட்டேன். மறுநாள் அலுவலகச் சட்டைகளெல்லாம் சேற்றில் கிடந்தன. தெருவில் மின்கம்பிகளைத் தொய்வாகவே விட்டிருப்பதைக் கவனித்திருப்பாய். குளிரில் கம்பி சுருங்கும்போது இழுவிசை எல்லை மீறாமலிருக்கவும் அந்தத் தொய்வு வேண்டும்.

பழைய துளையை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு, நான்கு விரல் தள்ளிப் புதிதாகத் துளையிடு; பூச்சோடு நிற்காமல் செங்கல்வரை போக வேண்டும். அடுத்த மாதம் அங்கு வரும் அம்மா, கொடி ஏன் இப்படித் தொங்குகிறது என்று கட்டாயம் கேட்பாள். இழுத்துக் கட்ட மட்டும் அவளை விட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா