எது தூண்டியது என்பதைவிட, எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். வளரும் ஒளிப்படக் கலைஞர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த சிறப்புப் பகுதியில் படங்கள் நன்றாக இருந்தன, பதில்கள்தாம் ஏமாற்றின. 'உங்களைத் தூண்டுவது எது?' என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் 'இயற்கை', 'மனிதர்கள்', 'வெளிச்சம்' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவர்கள்மேல் குறையில்லை, கேள்வி அப்படி. எந்தப் படத்தைப் பார்த்தீர்கள், அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள், எதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டிருந்தால், படிக்கிறவர் மறுநாளே கேமராவை எடுத்துச் செய்து பார்க்க ஏதாவது கிடைத்திருக்கும்.

உதாரணத்துக்கு, பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்டியே-பிரெஸ்ஸோன் முதலில் ஓவியம் பயின்றவர். ஹங்கேரியரான மார்ட்டின் முங்காச்சி 1930 வாக்கில் எடுத்த படம் ஒன்றில், சிறுவர்கள் மூவர் ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியின் அலைக்குள் ஓடுகிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் பிரெஸ்ஸோன் ஒளிப்படத்தில் முழுமையாக இறங்கினார். ஆனால் அவர் ஏரியைத் தேடியும் போகவில்லை, சிறுவர்களைத் தேடியும் போகவில்லை. எடுத்துக்கொண்டது இரண்டே: கறுத்த உருவத்தின் வடிவம், அசைவை நிறுத்தும் நொடி. 1932இல் பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய நீர்மேல் ஒருவர் தாவும் படத்தில் இரண்டும் இருக்கின்றன. வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தை வெட்ட வேண்டிவந்தது. படத்தை வெட்டுவதையே விரும்பாத அவர் அதற்கு ஒத்துக்கொண்டார்.

இன்று தொடங்குகிறவர்கள் பலர் எடுத்துக்கொள்வது மேற்பூச்சை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் சால் லைட்டரின் நியூயார்க் வண்ணப் படங்களைப் பார்த்ததும் அந்த நிறத்துக்கு ஒரு பிரிசெட் (ஒரே சொடுக்கில் நிறத்தை மாற்றும் ஆயத்த அமைப்பு) தேடுகிறார்கள். நிறம் அங்கே கடைசிச் சங்கதி. ஓவியரான அவர் நீண்ட லென்ஸால் தூரங்களை நெருக்கினார். ஆவி படிந்த கண்ணாடிக்கு இப்பால் நின்றார். சட்டகத்தின் பெரும்பகுதியை ஒரு கறுப்புப் பலகைக்கோ கதவுக்கோ விட்டுக்கொடுத்து, மிச்சமிருந்த கீற்றில் ஒரு சிவப்புக் குடையை வைத்தார். நட்டநடு வெயிலில் அகலக்கோண லென்ஸால் எடுத்த தெருவுக்கு அந்த பிரிசெட்டைப் போட்டால் நிழல்கள் பச்சையாகத்தான் மாறும், வேறொன்றும் நடக்காது.

பிடித்த படத்தைப் பிரித்துப் படிக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் கருவிழியில் தெரியும் வெளிச்சப் புள்ளியைப் பாருங்கள். கடிகாரத்தில் 10 மணி இருக்கும் திசையில் அது இருந்தால், வெளிச்சம் நம் இடப்பக்கம் மேலிருந்து வந்திருக்கிறது. சதுரமாக இருந்தால் பெரும்பாலும் ஜன்னல் அல்லது சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி). அடுத்து மூக்கின் நிழல். அதன் ஓரம் கத்திபோல் இருந்தால் ஒளிமூலம் சிறியது அல்லது தொலைவில் உள்ளது. கரைந்து போனால் பெரியது, பக்கத்தில் உள்ளது. மூக்கு பெருத்துக் காது ஒடுங்கித் தெரிந்தால் கேமரா முகத்துக்கு மிக நெருக்கத்தில் இருந்திருக்கிறது. (இதற்கு லென்ஸைக் குறைசொல்வது வழக்கம். உண்மையில் செய்வது தூரம்தான்.)

பிறகு அதையே கட்டிப் பார்க்க வேண்டும். நேர்வெயில் விழாத ஒரு ஜன்னல் போதும். அதிலிருந்து ஒரு மீட்டரில் ஆளை உட்காரவைத்து, வெளிச்சம் முகத்துக்கு 45 பாகைச் சாய்வில் வரும்படி நாற்காலியைத் திருப்புங்கள். நிழல் பக்கக் கண்ணின் கீழ் கன்னத்தில் ஒரு சிறு வெளிச்ச முக்கோணம் விழும். ரெம்ப்ராண்டின் ஓவியங்களில் காண்பதால் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறோம். ஆனால் பலருக்கு முதல் தடவை விழாது. ஜன்னல் தரைவரை இறங்கியிருந்தால் வெளிச்சம் கீழிருந்தும் வரும். மூக்கின் நிழல் சரிந்து இறங்காமல் பக்கவாட்டில் ஓடிவிடும், முக்கோணம் மூடாது. உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம்வரை ஜன்னலைத் தடித்த துணியால் மறைத்தால் சரியாகும். அறை விளக்கு எரிந்தால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள், அணைத்துவிடுங்கள். எதிர்ச்சுவர் வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் திரும்பிவந்து நிழலைக் கொன்றுவிடும். நிழல் பக்கம், முகத்திலிருந்து அரை மீட்டரில் ஒரு கறுப்புத் துணி தொங்கட்டும்.

கேமராவில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 400, எஃப் (லென்ஸின் திறப்பு) 2.8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/125 நொடி என்று தொடங்கலாம். வெளிச்ச அளவைக் கேமராவே முடிவுசெய்யும் தானியங்கி எக்ஸ்போஷரை நம்பினால், கறுத்த பின்புலத்தைப் பார்த்து அது மொத்தப் படத்தையும் தூக்கிவிடும். ஜன்னல் பக்கக் கன்னம் வெளுத்து விவரமே இல்லாமல் போகும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறையுங்கள். செல்பேசியில் என்றால் முகத்தைத் தொட்டு, வெளிச்சக் குறியைக் கீழே இழுத்தால் ஆயிற்று. பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுவது உத்தமம், அது முடியின் ஓரங்களைத் தின்றுவிடும்.

பார்த்த படத்திலிருந்துதான் தூண்டுதல் வரவேண்டும் என்றும் இல்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா 1950களில் சத்யஜித் ராயின் படமொன்றுக்காக, காசி வீட்டு முற்றத்தைப் படப்பிடிப்பு அரங்குக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. அத்தகைய முற்றத்தில் நேர்வெயில் விழாது, வானத்தின் வெளிச்சம் மட்டும் இறங்கும். அவர் அரங்கின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பிவந்த ஒளியில் படமெடுத்தார். 'வெளிச்சம் தூண்டியது' என்று இவர் சொன்னால் அதற்குப் பொருள் உண்டு. ஒரு விளக்கும், ஒரு வெள்ளைப் போர்வையோ வெள்ளைக் கூரையோ இருந்தால் யாரும் செய்து பார்க்கலாம். துணி மஞ்சளேறியிருந்தால் தோலும் மஞ்சளாகத் தெரியும், அவ்வளவுதான்.

இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒளி எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, எந்தப் படைப்பு மனத்தில் இருந்தது என்று மூன்று வரி போடுங்கள். கேமராவின் மாதிரி எண் வேண்டாம். அதனால் பயன்பெறுவது விற்பவர் மட்டுமே. முகப் படங்களை நடுமடிப்பில் விரிக்காதீர்கள். இம்முறை ஒரு கண் தையலுக்குள் போய்விட்டது. மை உறிஞ்சும் தாளில் நடுத்தரச் சாயல்கள் எல்லாம் ஒரு படி கறுத்துப்போகும் என்பதால், இருண்ட படங்களை அச்சுக்கு அனுப்புமுன் நிழல்களைச் சற்றுத் தூக்கி, ஒரு மாதிரி அச்சு எடுத்துக் கலைஞரிடமே காட்டிவிடுங்கள். இதற்கெல்லாம் பக்கம் போதாது என்றால் கலைஞர்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் வாசகர்கள் கோபிக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒளிப்படப் பயிற்றுநர் ஒருவர்