பழைய டிவிடி ரைட்டர் வாங்கலாமா என்று கேட்டாயே

கும்பகோணம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். கொஞ்ச நாளைக்கு அடுப்பங்கரைப் பக்கம் விடாதே, நீயே சமை. ஒன்றாக ரூம் எடுத்துத் தங்கிய காலத்தில் உன் ரசத்தைச் சாப்பிட்டவன் நான், நம்பிச் சொல்கிறேன்.

இங்கே நாலு நாளாக விடாத மழை. ஸ்டுடியோவைப் பையன்தான் பார்த்துக்கொள்கிறான். சாயங்காலம் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கல்யாண வீடியோவை இப்போது யாரும் டிஸ்க்கில் கேட்பதில்லை. பென் டிரைவ், இல்லையென்றால் லிங்க். ஆனாலும் மேசைக்கு அடியில் இருக்கிற, டிஸ்க்கில் எழுதுகிற பழைய ரைட்டர் இரண்டையும் நான் கழற்ற விடவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ரிச்சி தெருவில் பழைய டிவிடி ரைட்டர் 350 ரூபாய், புதிது 1,500 சொல்கிறார்கள், எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் 60 டிஸ்க் இருக்கிறது, அதில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த 2004 மகாமகமும் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கடிதத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 20 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது மாப்பிள்ளை. ஒரு வரியில் பதில் எழுதிப் போட எனக்கு மனசு வரவில்லை.

ரைட்டரின் ஆயுசை வருஷத்தை வைத்துச் சொல்ல முடியாது. எத்தனை டிஸ்க் எழுதியிருக்கிறது, எவ்வளவு சூட்டில் ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டிஸ்க்கைப் படிப்பதற்கு லேசர் லேசாகத் தடவினால் போதும், ஒரு மில்லிவாட் அளவு வெளிச்சத்தில் வேலை முடிந்துவிடும். எழுதுவதென்றால் டிஸ்க்கில் பூசியிருக்கிற சாயத்தைச் சுட்டுக் குறி வைக்க வேண்டும். அதற்குப் பல பத்து மடங்கு சக்தி தேவை. 16 எக்ஸ், அதாவது அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கு வேகத்தில் எழுதும்போது டிஸ்க் நிமிஷத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். அந்த ஓட்டத்தில் ஒரு புள்ளியைச் சுடக் கிடைக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம். அதனால் லேசர் இன்னும் பலமாக எரிய வேண்டியிருக்கிறது.

இந்தச் சூட்டில்தான் லேசர் வெளிச்சத்தைத் தருகிற டயோடு தேய்கிறது. தேயத் தேய, பழைய வெளிச்சத்தையே கொடுக்க அதிகக் கரண்ட் இழுக்கும். அதிகக் கரண்ட் இழுத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் இன்னும் சீக்கிரம் தேயும். ரொம்ப நாள் ஒன்றும் தெரியாது, கடைசியில் மளமளவென்று இறங்கிவிடும். அப்படி எழுத முடியாமல் போன ரைட்டர்கூட அதற்கப்புறம் பல வருஷம் நன்றாகப் படிக்கும். கடைக்காரர் ஒரு படத்து டிஸ்க்கைப் போட்டு ஓட்டிக் காட்டுகிறார் என்றால், அது படிக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள். எழுதுமா என்பதை எழுதித்தான் பார்க்க வேண்டும். சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு வேறு லேசர் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். டிவிடி அழகாக எழுதும் ரைட்டர் சிடியில் கைவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க் எழுதுகிற நீரோ சாஃப்ட்வேரில் "பவர் காலிபரேஷன் எரர்" என்று ஒரு வரி வருமே, உனக்கு ஞாபகம் இருக்கும். எழுத ஆரம்பிக்கும் முன் ரைட்டர் டிஸ்க்கின் உள்பக்கம் ஒரு சின்ன இடத்தில் கொஞ்சம் எழுதிப் பார்த்து, இந்த டிஸ்க்குக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று அளந்துகொள்ளும். அந்த அளவு கிடைக்காவிட்டால்தான் அந்த வரி வரும். மட்டமான டிஸ்க்கிலும் வரும். அதனால் நாங்கள் முதலில் டிஸ்க்கைக் குறை சொல்லுவோம், வேறு கம்பெனி டிஸ்க் போடுவோம், இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் திரும்ப அதே வரி. எந்த டிஸ்க் போட்டாலும் அந்த வரி வருகிறது என்றால் லேசர் முடிந்தது என்று அர்த்தம்.

எத்தனை டிஸ்க் தாங்கும் என்று கணக்குக் கேட்பாய். ஒரே மாதம் ஒரே கடையில் வாங்கிய இரண்டு ரைட்டரில் ஒன்று ஒரு முகூர்த்த சீசனைத் தாண்டவில்லை, மற்றது நாலு வருஷம் உழைத்தது. அதற்கு மேல் என்ன சொல்ல?

ஒரு விஷயத்தை இத்தனை வருஷத்தில் உன்னிடம் சொன்னதில்லை. ஒரு தை மாசம், நாளுக்கு இரண்டு கல்யாணம். காப்பி போட்டு மாளவில்லை. எழுதி முடித்ததும் சரிபார்க்கிற வெரிஃபையை நேரம் போகிறதென்று நிறுத்தி வைத்திருந்தேன். ரைட்டர் எல்லா டிஸ்க்கையும் முழுசாக எழுதித் தள்ளியது, எரர் ஒன்றும் காட்டவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த சீசனில் படம் எடுத்த ஒரு வீட்டிலிருந்து வந்தார்கள். பெண்ணின் தாத்தா தவறிவிட்டார். மூன்றாவது டிஸ்க்கின் கடைசியில் அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற இடம் இருக்கிறது, அங்கே வந்ததும் படம் நின்றுவிடுகிறது என்றார்கள்.

டிவிடியை உள்ளேயிருந்து வெளியே நோக்கித்தான் எழுதும். கடைசிக் காட்சி ஓரத்தில் இருக்கும். டிஸ்க்கைத் திருப்பி டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன். எழுதிய பகுதி ஊதாவில் கொஞ்சம் கருத்துத் தெரிய வேண்டும். இதில் ஓரத்துக்குப் போகப் போக அந்தக் கருப்பு மங்கிக்கொண்டே போய்க் காணாமல் போயிருந்தது. என் ரைட்டர் அந்த சீசனிலேயே தளர்ந்துபோயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கேசட்டின் மேல் வேறு கல்யாணம் எடுத்தாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கிலும் இல்லை. அந்தப் பெண்ணின் அம்மா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடையிலிருந்த மூன்று டிரைவிலும் போட்டுப் பார்த்தேன், படிக்கவில்லை. பக்கத்தில் மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றின் பழைய சிபியு ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த ரைட்டரைக் கழற்றி வந்து மாட்டினேன். அதன் லென்ஸுக்கு என்ன கை ராசியோ, கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து ஃபைலை மீட்கிற ஐசோபஸ்டர் சாஃப்ட்வேரில் போட்டதும் மெதுவாக, திணறித் திணறிப் படிக்க ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க ஓடியது. விடிகாலையில் பார்த்தால் நாலைந்து செகண்ட் தவிர எல்லாம் வந்திருந்தது. தாத்தா பேசியது முழுசாக இருந்தது. பணம் வாங்கவில்லை. அன்றிலிருந்து வெரிஃபை பண்ணாமல் ஒரு டிஸ்க்கும் என் கடையை விட்டு வெளியே போனதில்லை.

அதனால் பழைய டிரைவை நான் குப்பை என்று சொல்ல மாட்டேன். கெட்டுப்போகிற நிலையில் இருக்கும் டிஸ்க்கை ஒவ்வொரு டிரைவும் ஒவ்வொரு மாதிரி படிக்கும். உன் பெட்டியிலிருக்கிற 60 டிஸ்க்குக்கு இரண்டு மூன்று வேறு வேறு டிரைவ் கையில் இருந்தால் நல்லது. 350 ரூபாய் டிரைவை அதற்காக வாங்கு. எழுதுவதற்குப் புதிது வாங்கு. என் முடிவு இதுதான்.

வாங்கப் போகும்போது எங்கிருந்து கழற்றியது என்று கேள். ஆபீஸிலோ பள்ளிக்கூடத்திலோ சும்மா கிடந்த கம்ப்யூட்டரிலிருந்து வந்ததென்றால் யோசிக்காதே. அது மொத்தமாக 20 டிஸ்க்கூட எழுதியிருக்காது. எங்களைப் போன்ற ஸ்டுடியோவிலிருந்தோ, ஒரே நேரத்தில் ஏழெட்டு டிஸ்க் போடும் காப்பி டவரிலிருந்தோ வந்தது என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மேல் தகட்டு ஸ்டிக்கரில் தயாரித்த மாசமும் வருஷமும் இருக்கும், படித்துப் பார். பின்பக்கம் பட்டையாக அகல வயர் மாட்டுகிற ஐடிஇ டிரைவ் என்றால் உன் மகனின் சிபியுவில் சேராது, மெல்லிய வயர் மாட்டுகிற சாட்டாவாகப் பார்த்து எடு.

இரண்டு பிளாங்க் டிவிடியும் ஒரு பிளாங்க் சிடியும் கையோடு கொண்டு போ. டிவிடியில் 4.38 ஜிபியும் நிரம்பும்படி 8 எக்ஸ் வேகத்தில் எழுதச் சொல். பாதி டிஸ்க் எழுதி விட்டுவிடாதே, நான் பட்ட பாடு ஓரத்தில்தான். ஏறக்குறைய பத்து நிமிஷம் ஆகும், அப்புறம் வெரிஃபைக்கும் அந்த அளவு. கடைக்காரர் முகம் சுளித்தால் டீ வாங்கிக் கொடுத்துக் காத்திரு. எழுதிய டிஸ்க்கை வேறு ஒரு டிரைவிலும் போட்டு, கடைசி ஃபைலைத் திறந்து பார். தான் எழுதியதைத் தானே படித்துவிட்டு, மற்றவற்றில் படிக்க விடாத ரைட்டர்களும் உண்டு.

ட்ரே திறக்கத் தயங்குகிறது என்றால் அதற்காக வேண்டாம் என்று சொல்லாதே. உள்ளே மோதிர அளவில் ஒரு ரப்பர் பெல்ட் இருக்கிறது, நாளாக ஆக அது தளர்ந்து வழுக்கும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி முன்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் குத்தினால் ட்ரே வெளியே வரும். பெல்ட் மாற்றுவது சின்ன வேலை. லென்ஸில் தூசி படிந்திருந்தாலும் துடைத்துக்கொள்ளலாம். லேசர் போனதற்கு மட்டும்தான் வைத்தியம் இல்லை. அதை மாற்றுகிற செலவுக்குப் புது ரைட்டரே வாங்கிவிடலாம்.

பாப்பா சிங்கப்பூரிலிருந்து பட டிவிடி அனுப்புகிறாள் என்று எழுதியிருந்தாய் அல்லவா? பட டிவிடிக்கு நாட்டைப் பொறுத்து ஒரு ரீஜன் எண் உண்டு. அங்கே ரீஜன் 3, நமக்கு 5. ஒரு டிரைவில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும். பழைய டிரைவில் முன்னால் வைத்திருந்தவர் எல்லாவற்றையும் தீர்த்திருக்கலாம். வாங்கும் முன் கம்ப்யூட்டரில் டிரைவின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் எத்தனை பாக்கி என்று தெரியும்.

லேப்டாப்பில் வருகிற மெல்லிசு டிரைவைக் கவரில் போட்டு யுஎஸ்பி வயரோடு விற்பார்கள். அது பையில் போட்டுக்கொண்டு போகச் சௌகரியம், அவ்வளவுதான். உனக்கு வேண்டாம். டெஸ்க்டாப்பில் மாட்டுகிற பெரியதுதான் வேலைக்கு ஆகும்.

புதிது ஒன்றையும் இப்போதே வாங்கி வை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் பிளாங்க் டிஸ்க்கை ஸ்பின்டில் ஸ்பின்டிலாக, அடுக்கு அடுக்காக வாங்கிக் குவித்தோமே, அந்த மோசர் பேர் கம்பெனியைக் கலைக்க 2018ல் உத்தரவாகிவிட்டது. ஜப்பானில் தையோ யூடன் 2015 கடைசியோடு டிஸ்க் செய்வதை நிறுத்தியது. எழுதுகிற டிஸ்க்கில் அதைப் போல நம்பிக்கையான சரக்கை நான் கையில் தொட்டதில்லை. 2025 பிப்ரவரியில் சோனியும் எழுதும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை விட்டுவிட்டது. டிஸ்க் குறைந்தால் ரைட்டரும் குறையும். இன்னும் கொஞ்ச வருஷத்தில் புதிதா பழையதா என்று கேட்கிற வாய்ப்பே உனக்கு இருக்காது, பழையதுதான் கிடைக்கும்.

ஆனால் மாப்பிள்ளை, ரைட்டர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காப்பி போட உட்காராதே. 60 டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்று. டிஸ்க்கில் ஓட்டிப் பார்த்து ரசிப்பதெல்லாம் அப்புறம். எல்லாம் ஏறிய பிறகு சொந்தக்காரர்களுக்கு எத்தனை காப்பி வேண்டுமானாலும் 8 எக்ஸில் நிதானமாகப் போடு.

மகாமகம் டிஸ்க்கை எழுதியது நம் முதல் ரைட்டர், 4 எக்ஸ். ஒரு டிஸ்க்குக்குப் பதினைந்து நிமிஷம், நாம் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்போம். என்னுடைய காப்பியைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனவர்கள் திருப்பித் தரவில்லை. அதில் வடகரைப் படியில் அப்பா நிற்பார். குளித்துவிட்டு ஏறி வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்ததும் "டேய், மழை வர்றதுக்குள்ள கிளம்புங்க" என்பார். அப்பாவின் போட்டோ எங்களிடம் நிறைய இருக்கிறது. குரல் அது ஒன்றில்தான் இருக்கிறது. இருபதாவது நிமிஷம் பக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

அந்த டிஸ்க்கைப் போட்டதும் டிரைவ் கரகரவென்று இழுத்தால், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் வெளியே எடுத்து உறையில் வைத்துவிடு. இங்கே இரண்டு ரைட்டர் இருக்கிறது, அந்த பிரவுசிங் சென்டர் டிரைவும் இன்னும் ஓடுகிறது. கொரியரில் மட்டும் அனுப்பாதே. தங்கச்சிக்குக் கண் ஆறியதும் இரண்டு பேருமாக ரயிலேறி வாருங்கள், டிஸ்க்கை நீயே கையில் கொண்டு வா.

அன்புடன்,
உன் மச்சான்