ஸ்பிட்ஃபயருக்கு என்று விற்று ஹெரால்டு அளவில் அனுப்பிய சேஸிஸ் கிட்: புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஃபிட்டர் பயிற்றுநர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பொருந்தாத பாகங்கள், ஆபத்தான கையேடு – பணத்தைத் திருப்பித் தரவும் கையேட்டைத் திருத்தவும் கோருதல்.

ஐயா,

என்னிடம் 1968ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பிரிட்டிஷ் கார் இருக்கிறது. இந்தக் காருக்காக, வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் சேஸிஸ் (அடிச்சட்டம்) பராமரிப்பு கிட்டைத் தங்களிடம் 14,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஜாக்கி தாங்கும் தகடுகள் நான்கு, துளைபோட அளவு அட்டை, துளை மூடிகள், போல்ட்டுகள், கிரீஸோ ஆயிலோ செலுத்தும் நிப்பிள்கள், ஒரு கையேடு ஆகியவை வந்தன.

மலிவாக இருக்கிறதே என்று நான் குறை சொல்லவில்லை. மலிவு வேலை எனக்குப் பிடிக்கும். கியர்பாக்ஸில் எண்ணெய் அளவு பார்க்க ஒவ்வொரு முறையும் காருக்குள் அதன்மேல் இருக்கும் மூடியையே கழற்ற வேண்டியிருந்தது. மூடியின் பக்கவாட்டில் வட்டமாக வெட்டி ஒரு ரப்பர் அடைப்பானைச் செருகினேன். ஐம்பது ரூபாயில் தொல்லை தீர்ந்தது. பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகளுக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு ஆள் வேண்டும். படகு வேலை செய்யும் வெல்டர் ஒருவரிடம் சொல்லி நட்டுகளைச் சட்டத்தோடு பற்றவைத்துக்கொண்டேன். இப்போது நான் தனியாகவே முடுக்குகிறேன். இதைப்போல இன்னும் நான்கு வசதிகள் கிடைக்கும் என்று நம்பித்தான் தங்களுக்குப் பணம் அனுப்பினேன்.

முதலில் ஜாக்கித் தகடுகள். அவற்றைப் பொருத்த என் காரில் இடமே இல்லை. தகட்டைப் பக்கவாட்டுச் சட்டத்தில் பிடிக்கச் சொல்கிறது கையேடு. அந்தச் சட்டம் அதே டிரையம்ஃபின் ஹெரால்டு காரில் உண்டு. ஸ்பிட்ஃபயரில் நடுவில் ஓடும் சேஸிஸ் மட்டும்தான். கதவுக்குக் கீழே உள்ள பெட்டி போன்ற தகரப்பகுதியே பக்கவாட்டுச் சுமையைத் தாங்குகிறது. தொலைபேசியில் கேட்டபோது, "இரண்டும் ஒரே சேஸிஸ்தான் சார், கொஞ்சம் இழுத்துப் பிடித்து மாட்டுங்கள்" என்றார் தங்கள் ஊழியர். சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானதால் நம் நாட்டில் அளவெடுக்க அந்தக் கார்தான் எளிதாகக் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் வழிவந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹெரால்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83 அங்குலம். எட்டரை அங்குலத்தை எந்தப் பக்கம் பிடித்து இழுப்பது?

அந்த எட்டரை அங்குலத் தவறு அளவு அட்டையிலும் இருக்கிறது. அட்டை காட்டுபவை, சட்டத்தின் உள்ளே துரு எதிர்ப்பு மெழுகு அடிப்பதற்கான துளைகள். யோசனை நல்லதுதான், கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கிறவனுக்கு ரொம்பவே நல்லது. அட்டையை வைத்துப் பார்த்தால் ஒரு துளை குறுக்குச் சட்டத்தின் வெல்டிங் தையல்மேலேயே விழுகிறது. மற்றவை அடிப்பக்கத்தில் விழுகின்றன. சுமையில் சட்டம் வளையும்போது அதிக இழுவிசை ஏறுவது அடிப்பக்கத்தில்தான். துளை போடுவதானால் பக்கச்சுவரின் நடு உயரத்தில் போட வேண்டும். வளைவால் வரும் விசை அங்கேதான் மிகக் குறைவு. முதலாண்டு மாணவன் இப்படி வரைந்து கொண்டுவந்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். நல்லவேளை, டிரில்லை எடுக்கும் முன்பே அட்டையை வைத்துப் பார்த்தேன்.

போல்ட்டுகள் விஷயத்தில் எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. காரில் உள்ளவை 5/16 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவு நுண்மரை) நட்டுகள், அங்குலத்துக்கு 24 மரை. நீங்கள் அனுப்பியவை 8 மில்லிமீட்டர் போல்ட்டுகள். 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர் ஆதலால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும். மரை இடைவெளி காரின் நட்டில் 1.06 மில்லிமீட்டர், உங்கள் போல்ட்டில் 1.25. அப்புறம் இறுகும். துரு பிடித்திருக்கிறது போல என்று நினைத்து ஸ்பேனரை அழுத்தினேன். அந்தத் தவறு என்னுடையதுதான். சட்டத்தோடு சேர்ந்த இரண்டு நட்டுகளின் மரை சிதைந்தது. முப்பது வருடம் பையன்களுக்கு மரை வெட்டக் கற்றுக்கொடுத்தவனுக்கே மரை கழன்றுவிட்டதா என்று மனைவி கேட்டாள். வெட்டியெடுத்துப் புது நட்டுகளைப் பற்றவைக்க 2,600 ரூபாய் ஆனது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். உங்கள் போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகு என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஜன்னல் திண்டில் வைத்த மூன்றாம் வாரமே பழுப்பேறிவிட்டன.

இவையெல்லாம் பணத்தோடு போகிறவை. நான் இக்கடிதத்தை எழுதக் காரணம் கையேட்டின் 9ஆம் பக்கம். முன்சக்கரத்தின் கீழ் டிரனியனில் (சக்கரத் தண்டு திரும்பும் வெண்கலத் துண்டு) நிப்பிளைப் பொருத்தி, 'கிரீஸ் நிரம்ப அடிக்கவும்' என்று அதில் இருக்கிறது. அங்கே போக வேண்டியது கிரீஸ் அல்ல, 90ஆம் எண் கியர் ஆயில். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் மரை முனை அந்த வெண்கலத் துண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரையோடு மரை சுழல்கிறது. எண்ணெய் மரைகளுக்கிடையே இறங்கும். கிரீஸ் ஓரிடத்தில் இறுகி நின்றுவிடும், மற்ற இடத்தில் தண்ணீர் புகும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது; உப்புக்காற்றும் கூட. துருவேறி மரை இறுகினால் ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறியும், சக்கரம் உள்ளே மடங்கும். தக்கலைச் சாலையில் எதிரே லாரி வரும்போது அது நடந்தால் யார் பொறுப்பு? எனக்கு விஷயம் தெரியும், நான் ஆயில் ஊற்றினேன். உங்கள் பக்கத்தை நம்பி கிரீஸ் கன்னைத் தூக்கியவர்கள் எத்தனை பேர்?

ஆகவே, 14,800 ரூபாயையும் நட்டுச் செலவு 2,600 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியம், இந்தக் கிட்டை வாங்கிய ஒவ்வொருவருக்கும் 9ஆம் பக்கத் திருத்தத்தை எழுத்தில் அனுப்புங்கள். அனுப்பியதற்கான சான்றையும் எனக்குக் காட்டுங்கள். பணம் ஒரு மாதம் தாமதமானால் பொறுப்பேன், திருத்தத்துக்கு 15 நாள்தான். தவறினால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நுகர்வோர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை.

பில் நகலையும் புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன். உறைக்குள் தங்கள் போல்ட் ஒன்றும் 5/16 நட் ஒன்றும் இருக்கின்றன. கையால் மட்டும் திருகிப் பாருங்கள், ஸ்பேனர் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குளச்சல்.