ஒரே பொதிக்கு இருமுறை காசு போன கதை

பரந்தன்

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போன கிழமை முள்ளியவளையில் உன் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்து, கிணற்றடிக்குத் தானே நடந்து போகிறார். சென்ற தைப்பொங்கலுக்கு எங்கள் இணையக் கடை மூலம் நீ அனுப்பிய பொதியைப் பற்றி இன்னமும் பேசுகிறார். அந்தப் பொதிக்கு உன் கடனட்டையில் இருமுறை காசு கழிந்தபோது மன்னிப்புக் கேட்டேனே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. நீயும் அங்கே இணையக் கடை தொடங்கப் போவதாக எழுதியிருப்பதால் இப்போது சொல்கிறேன்.

அன்று ரொறன்ரோவில் இரவு எட்டு மணி, இங்கே காலை ஆறரை. விலைக்கழிவு அறிவிப்பை மின்னஞ்சல், வட்ஸ்அப், முகநூல் மூன்றிலும் ஒரே நேரத்தில் விட்டிருந்தோம். தேநீர் ஆறுவதற்குள் பக்கங்கள் இழுபடத் தொடங்கின. கடைப் பக்கங்களை அனுப்பும் கணினிகளான சேர்வர்களைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நம்பி, இரண்டாக இருந்ததை எட்டாக்கினேன். பிழை அங்கேதான். ஒவ்வொரு சேர்வரும், ஓடர்களும் கையிருப்பும் பதிந்திருக்கும் தரவுத்தளத்துக்கு இருபது இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும். எட்டுக்கும் சேர்த்து 160. நாங்கள் பாவிக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள், அமைப்பை மாற்றாத வரை 100 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. அதுவரை நொண்டியபடியாவது நடந்த கடை, நான் உதவப் போனதால் முற்றாகப் படுத்துவிட்டது. உன் பணம் வங்கியில் கழிந்துவிட்டது. அது கிடைத்தது என்று பதிந்து வைக்க எங்கள் தரவுத்தளத்துக்குள் நுழைய வழியில்லை. திரையில் பிழை என்று கண்ட நீ மறுபடியும் அழுத்தினாய்.

பானைக் கதை அதைவிட வெட்கம். கையிருப்பில் இருந்தவை 180 மண்பானைகள், ஏற்றுக்கொண்டவை 211 ஓடர்கள். கையிருப்பைப் பார்ப்பதற்கும் குறைத்து எழுதுவதற்கும் இடைப்பட்ட நொடியில் ஒரே பானையை இருவர் வாங்கிவிடுகிறார்கள். மீதி 31 பானைகளுக்காகப் பொங்கலுக்கு முதல் நாள் சந்தை சந்தையாக அலைந்தேன்.

ஆகையால் இம்முறை அடுத்த விலைக்கழிவு விற்பனைக்காக, சேர்வரிலிருந்து தொடங்காமல், தரவுத்தளம் எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்தோம். இரணைமடுக் குளத்தில் நீர் எவ்வளவு நின்றாலும் வாய்க்கால் தாங்குமளவே துருசு என்னும் மதகால் விடுவார்கள் அல்லவா? அதுபோல, சேர்வர்களுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே பிஜிபவுன்சர் என்ற மென்பொருளை வைத்து இணைப்புகளைப் பகிரவைத்தோம். அதையும் மீறிக் கூட்டம் வந்தால் காத்திருப்புப் பக்கம் ஒன்று வரிசை எண்ணைக் காட்டும். பொருட்பக்கங்களும் படங்களும் எங்கள் சேர்வரைத் தொடாமல் சிடிஎன் வழியே, அதாவது பல இடங்களில் பிரதிகளை வைத்து வாங்குபவருக்கு அருகிலிருந்து அனுப்பும் சேவை வழியே போகின்றன. (தொலைபேசியில் எடுத்த நான்கு எம்பி கரும்புப் படத்தை அப்படியே ஏற்றி வைத்திருந்தவனும் நான்தான்.) கையிருப்பைச் சரிபார்ப்பதும் குறைப்பதும் இப்போது ஒரே கட்டளைக்குள் நடக்கின்றன. ஓடர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்திருப்பதால், பத்துமுறை அழுத்தினாலும் கட்டண நிறுவனம் ஒருமுறைதான் காசு எடுக்கும்.

சேர்வர்கள் தாமாகப் பெருகும் வசதியை நான் முழுதாக நம்புவதில்லை. புதியது எழும்பி வேலைக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும், அறிவிப்பைப் பார்த்தவர்களோ முதல் நிமிடத்திலேயே வந்துவிடுவார்கள். எனவே வேண்டியதை ஒரு மணி நேரம் முன்பே எழுப்பி வைப்போம். மின்னஞ்சலையும் இலண்டனுக்கு ஒரு வேளை, கனடாவுக்கு இன்னொரு வேளை என்று பிரித்து அனுப்புவோம். அமேசானே 2018 யூலை 16 அன்று பிரைம் டே விற்பனையைத் தொடங்கியவுடன் தடுமாறி, வாங்க வந்தவர்களுக்கு நாய்ப் படங்களைக் காட்டியது என்பது எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

பெருங்கூட்டம் வந்ததுபோல் கடையைச் சோதிக்கும் கே6 என்ற கருவி கொண்டு மூன்றுமுறை ஒத்திகை பார்த்தாயிற்று. முதல் இருமுறையும் முகப்புப் பக்கத்தையே சோதித்து ஏமாந்தோம். மூன்றாவதில் தேடுவது, கூடையில் போடுவது, கட்டணப் பக்கம் என்று வாங்குபவரின் வழியே போனபோதுதான் விநியோகக் கட்டணத்தைக் கணக்கிடும் இடம் சிக்குவது தெரிந்தது. அதைத் திருத்திய பின் விற்பனை முடியும்வரை யாரும் நிரலில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் எங்களால் இங்கிருந்து சோதிக்க முடியவில்லை: கனடா வங்கி அட்டை ஒன்றால் உண்மையான காசு கட்டுவது. வரும் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு உன் அம்மாவுக்கு ஒரு பொதி ஓடர் பண்ணு. பணம் கட்டும் பொத்தானை வேண்டுமென்றே இருமுறை அழுத்து. இரண்டாவது முறையும் காசு கழிந்தால் நடு இரவானாலும் எனக்கு எடு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்