ஓடாத மோட்டார் சைக்கிளை விற்கப் போகிற வன்னி உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கங்களிலும் கொட்டிலுக்குள்ளோ மாமரத்தடியிலோ ஓடாத பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று யோசிக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் பழைய மோட்டார் சைக்கிள்களைத் திருத்தி எடுக்கிறவன். உங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன்: அதைக் கிலோக் கணக்கில் கொடுக்காதீர்கள். பழைய இரும்புக்காரர் படலையில் வந்து நிற்கும்போது, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, போனால் போகட்டும் என்று தோன்றும், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஓடாத வண்டிக்கும் ஆள் இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய வண்டிகளின் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும், 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திரும்ப விட்ட பிறகும் ஒரு நல்ல ஹொண்டா சி.டி. 125ஐயோ சி.டி. 200ஐயோ தேடி யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு அது ஓட வேண்டும் என்றே இல்லை, முழுசாக இருந்தால் போதும்.

முழுசாக என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் விற்கிற ஆட்கள் பலர் என்ஜினில்தான் பெறுமதி இருக்கிறது என்று நினைத்து, மற்றதையெல்லாம் அங்கங்கே கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மை அதற்கு மறுபக்கம். ஹொண்டா என்ஜின் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து சிலிண்டரின் உட்பக்கத்தைக் கடைந்து, 0.25, 0.50 மில்லிமீற்றர் என்று ஓவர்சைஸ் பிஸ்ரனும் றிங்கும் போட்டு உயிர் கொடுக்கலாம். ஆனால் செயினை முழுதாக மூடுகிற அந்தத் தகரக் கவர், பக்கத்து மூடிகள், பெற்றோல் ராங்கில் இருக்கிற பெயர்த் தகடு, ஸ்பீடோமீற்றர், ஹெட்லைற் கோது, ஸ்பானர் சாமான் வைக்கிற பெட்டியின் மூடி, இவைதான் தேடினாலும் கிடைக்காதவை. எங்கள் பக்கத்துக் கராஜ்களில் செயின் கவரைக் கழற்றி மூலையில் எறிவது வழக்கமாகவே இருந்தது, ஒவ்வொரு முறையும் செயின் இறுக்க அது இடைஞ்சல் என்று. அப்படி எறிந்த கவர் உங்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தால் எடுத்து வையுங்கள். சின்ன நட்டு, கொக்கி, கம்பி என்று எது கிடைத்தாலும் ஒரு பெட்டிக்குள் போட்டு வண்டியோடு சேர்த்து விலை பேசுங்கள். வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான்.

எங்களிடம் இருப்பதில் நிறைய எம்.டி. 90. சிவப்பு நிறத்தில், 14 அங்குலச் சில்லோடு, ஜப்பான் தபால்காரர்களுக்கென்று ஹொண்டா செய்த வண்டி. அங்கே கடிதம் கொண்டு திரிந்து முடித்து, பாவித்த வண்டியாக இங்கே வந்து, வன்னியின் கிரவல் ரோட்டில் பாதி ஊரையே சுமந்தது. அதை விட மூத்தவை குறைவு. எங்கேயாவது ஒரு பி.எஸ்.ஏ. பான்டம் (Bantam) தகரத்துக்குக் கீழே நின்றால் தயவுசெய்து அதில் கை வைக்க முதல் விசாரியுங்கள். 1948இல் வந்த 125 சிசி வண்டி அது, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜேர்மன் டி.கே.டபிள்யூ. கொம்பனியின் வடிவமைப்பை எடுத்து இங்கிலாந்தில் செய்தார்கள். அதைத் திருத்தி எடுக்கவென்றே தேடித் திரிகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

அடுத்தது உண்மை. "நிறுத்தும்போது நல்லா ஓடினது", "ஒரு பிளக் மாத்தினால் ஸ்டார்ட் ஆகும்" என்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். வாங்குகிறவனுக்கு வேண்டியது வேறு: எந்த ஆண்டில் நின்றது, ஏன் நின்றது, கிக்கர் கீழே போகிறதா இல்லை இறுகிப்போய் நிற்கிறதா, கியர் விழுகிறதா, என்ஜினை யாராவது முன்னம் திறந்தார்களா, என்னென்ன இல்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம், அதனால் விலை விழாது. பொய் சொன்னது தெரிந்தால்தான் விழும், அதுவும் லொறியோடு வந்து நிற்கிற நாளில்.

அதோடு, வன்னி வண்டி என்றால் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மண்ணெண்ணெய். யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் ஒரு போத்தலே பெரிய காசாக இருந்தபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறினதும் மண்ணெண்ணெயில் ஓடினோம். அந்த வெள்ளைப் புகையும் மணமும் அந்தக் காலத்தில் இருந்த எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்த ஓட்டம் என்ஜினுக்குள் ஒரு தடத்தை விட்டிருக்கிறது. சரியாக எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கும், ஒயில் தண்ணியானால் கிராங்கும் பெயாரிங்கும் தேயும், ஹெட்டிலும் சைலன்சரிலும் கரி கட்டியாகப் பிடிக்கும். அமுக்கத்தைக் குறைக்க சிலிண்டருக்குத் தடித்த பக்கிங் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திருத்துகிறவன் காரணம் தெரியாமல் அலைவான். இதை மறைக்க வேண்டிய குறையாக நினைக்காதீர்கள். தொண்ணூறுகளில் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் நோயாளியை ஏற்றிக்கொண்டு மண்ணெண்ணெயில் ஓடின வண்டி என்று சொன்னால், அதற்காகவே அதை வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.

யுத்த காலத்தில் மண்ணுக்குள் தாட்டு வைத்து எடுத்த வண்டி, ராங்கில் ஷெல் பீஸ் பட்ட வண்டி என்றாலும் அப்படியே சொல்லுங்கள். ஓட்டையைப் பூசி மறைக்க வேண்டாம். புதுப் பெயின்ற் அடிக்கவே வேண்டாம், ஏனென்றால் புதுப் பெயின்ற்றைக் கண்டால் வாங்குகிறவன் அதற்குக் கீழே என்ன துரு என்றுதான் யோசிப்பான், அப்புறம் கொம்பனி நிறம் எது என்று கண்டுபிடிக்கவும் வழி இல்லாமல் போய்விடும். என்ஜின் நம்பரும் சேசி நம்பரும் இருக்கிற இடத்தை அரம் போட்டுச் சுரண்டாதீர்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தாலே எழுத்துத் தெரியும்.

வாங்க ஆள் வருகிற நாளில் ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும் என்று, இறுகின என்ஜினைக் கிக்கரில் ஏறி நின்று மிதிப்பார்கள், அல்லது பொடியன்கள் சேர்ந்து கியரில் போட்டுத் தள்ளுவார்கள். வேண்டாம். றிங் உடையும், கிக்கர் பல்லு போகும். பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் டீசலோ மெல்லிய ஒயிலோ விட்டு நாலைந்து நாள் அப்படியே விடுங்கள். பிறகு கடைசிக் கியரில் போட்டு பின்சில்லைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் நல்லது, அசையாவிட்டால் "இறுகியிருக்கிறது" என்று சொல்லி விற்கலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

இனிப் புத்தகம், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகம். வன்னியில் இதுதான் பெரிய சிக்கல். இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்த வீடுகள் எத்தனையோ. இன்னும் சிலரிடம் புத்தகம் இருக்கும், ஆனால் அதில் இருக்கிற பெயர் முப்பது வருசத்துக்கு முதல் விற்ற ஒருவருடையது, அவர் இப்போது கனடாவில். ஓப்பன் பேப்பரிலேயே, அதாவது வாங்குகிறவரின் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த பேப்பரிலேயே, கை மாறி மாறி வந்திருக்கும். நம்பர் தகட்டில் ஸ்ரீ எழுத்து இருக்கிற பழைய வண்டிகளில் இது இன்னும் மோசம். புத்தகம் தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு எழுதி, அந்தப் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மறுபிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அலைச்சல்தான், ஆனால் அதைச் செய்துவிட்டு விற்கிற வண்டிக்கும் வெறும் வண்டிக்கும் விலை ஒன்றல்ல. விற்ற பிறகு 14 நாட்களுக்குள் கை மாறினதைத் திணைக்களத்துக்கு அறிவித்துவிடுங்கள். அந்த வண்டி நாளைக்கு எங்கேயாவது ஒரு விபத்திலோ களவிலோ மாட்டினால் பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் இருக்கிற பெயருக்குத்தான், அந்த அலைச்சல் எங்கள் சனத்துக்கு இனி வேண்டாம். எழுத்து வேலைகளைச் செய்து முடிக்க முடியாவிட்டால் "புத்தகம் இல்லை" என்று முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். ஆனால் ஒரு வண்டியின் புத்தகத்தை இன்னொரு வண்டிக்குப் போட்டுத் தருகிறேன் என்று வருகிறவனை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

வாங்க வருகிறவர்களுக்கும் இதில் ஒரு பகுதி இருக்கிறது. சில வீடுகளில் நிற்கிற மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு இல்லை. 2009இல் யுத்தம் முடிந்தபோது இராணுவத்திடம் கையளித்த, பிறகு காணாமல் போன பிள்ளையின் வண்டி அது, தாய் இன்றைக்கும் துடைத்து மூடி வைக்கிறார். அந்த முற்றத்தில் நின்று "சும்மா துருப்பிடிக்குதே அம்மா, தாங்கோவன்" என்று கேட்காதீர்கள். ஒரு முறை இல்லை என்றால் இல்லைதான். ஆளை மாற்றி, விலையைக் கூட்டித் திரும்பத் திரும்ப அனுப்புகிறீர்கள், அது அந்த மனிசிக்கு என்ன செய்கிறது என்று யோசித்தீர்களா? அப்படியான குடும்பம் தானாகவே விற்க நினைத்தாலும், பெயர் மாற்றுவதற்காக இறப்புச் சான்றிதழ் எடுங்கள் என்று நெருக்காதீர்கள். காணாமல் போனவருக்கு இறப்புப் பதியாமலே, அவர் காணாமல் இருக்கிறார் என்ற சான்றிதழைப் பெற 2016இல் சட்டம் வந்திருக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று பிரதேச செயலகத்தில் குடும்பமே போய்க் கேட்கட்டும், நீங்கள் காத்திருங்கள்.

விலையைப் பற்றி நான் இலக்கம் எதுவும் சொல்லப் போவதில்லை, வண்டிக்கு வண்டி மாறும். முதல் வருகிறவருக்கே கொடுக்காமல் இரண்டு மூன்று பேருக்குக் காட்டுங்கள். வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும், என்ஜின், ராங்கின் உட்பக்கம், நம்பர்கள், துரு தின்ற இடம் எல்லாம் படம் எடுத்து அனுப்புங்கள். பாகம் பாகமாக விலை கேட்கிறவரிடம், முழு வண்டி என்றால் பேசலாம் என்று சொல்லுங்கள்.

இப்போதே விற்கிற எண்ணம் இல்லையென்றால், ஐப்பசி மழை தொடங்க முதல் சின்ன வேலை சிலதைச் செய்து வையுங்கள். பிளக் ஓட்டையைத் திறந்து விடாமல் பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். சைலன்சர் வாயையும் காபரேற்றர் வாயையும் துணியால் அடைத்துக் கட்டுங்கள், குளவி மண் வைத்துவிடும். ராங்கில் கிடக்கிற பழைய பெற்றோலை வடித்து எடுத்துவிடுங்கள். இரண்டு சில்லுக்கும் கீழே பலகை வைத்து மண்ணில் முட்டாமல் தூக்கி நிறுத்துங்கள், பலகையில் கறையான் ஏறுகிறதா என்றும் இடைக்கிடை பாருங்கள்.

அன்புடன்,
பரந்தனிலிருந்து, பழைய மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஒருவன்