அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை

அன்புள்ள டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும், முகம் தெரியாத இரண்டு பேருக்கும்,

அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது எங்கள் கவலையெல்லாம் இனி நடப்பாரா என்பதுதான். இதயத்தைப் பற்றி யோசித்தவர் மயக்க மருந்து டாக்டர் ஒருவரே. முதல் நன்றி அவருக்கு.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவு, இதயத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று கட்டில் பக்கத்தில் நின்று விரல்விட்டு எண்ணினார். மாரடைப்பு வந்ததுண்டா, இதயம் பலவீனமா, பக்கவாதம் உண்டா, இன்சுலின் போடுகிறாரா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2-க்கு மேலா, ஆபரேஷன் எவ்வளவு பெரியது. ஆறு கேள்வியில் இன்சுலினுக்கும் கிரியாட்டினினுக்கும் விரல் மடங்கியது. "அப்படியானால் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் செய்யலாமே" என்றேன். உடைந்த இடுப்போடு படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் இதயத்துக்குக் கூடுதல் சுமை, தள்ளிப்போடக் கூடாது என்றார்.

காலையில் வெறும் வயிறு என்பதால் மாத்திரை டப்பாவைப் பைக்குள் போட்டு மூடிவிட்டேன். திறக்கச் சொன்னார். அம்மா பல வருடமாகச் சாப்பிடும், நாடித்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலை ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்க வைத்தார். பழகிய மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நாடித்துடிப்பு எகிறிவிடுமாம். சரி, நல்ல மாத்திரைதானே, எல்லோருக்கும் அன்று கொடுத்துவிடலாமா? கூடாது. 2008-ல் வெளியான பாய்ஸ் (POISE) என்ற மருத்துவ ஆய்வில், ஆபரேஷன் நாளில் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது. ஆனால் பக்கவாதமும் மரணமும் கூடின.

அப்புறம், வார்டு சிஸ்டரிடம் ஒரு மன்னிப்பு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகும் இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினைப் பார்க்கத் தினமும் ரத்தம் எடுத்தீர்கள். "நெஞ்சு வலிக்கிறது என்று அம்மா சொல்லவே இல்லையே, எதற்குத் திரும்பத் திரும்பக் குத்துகிறீர்கள்?" என்று சிடுசிடுத்தேன். "வலி மருந்து ஓடும்போது நெஞ்சுவலி எப்படித் தெரியும்?" என்று கேட்டபடியே பஞ்சை அழுத்தினீர்கள். ஆபரேஷனுக்குப் பின் வரும் மாரடைப்பில் பாதிக்கு மேல் நெஞ்சுவலியே இருக்காது, பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான் வரும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் ட்ரோபோனின் ஏறியிருந்தது. ஈசிஜியிலும் சின்ன மாற்றம். அம்மாவோ அந்த நேரத்தில் தலை வாரிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்! சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்த அளவு எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்குமாம். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு முறை பார்த்து எழுதி வைத்திருந்ததால்தான், இது புதிதாக ஏறியது என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்தது. அந்த யோசனையும் மயக்க மருந்து டாக்டருடையதே.

ஹீமோகுளோபின் 7.4-க்கு இறங்கி, நாடி 118-ல் ஓடிக்கொண்டிருந்தது. இதயம் வேகமாக உழைக்கிறது, அதற்குப் போகும் ஆக்சிஜனோ போதவில்லை. ரத்தம் ஏற்றியதும் நாடி இறங்கியது. அந்த இரண்டு பாட்டில் யாருடையது என்று தெரியாது. மேலே முகம் தெரியாத இரண்டு பேர் என்றது உங்களைத்தான்.

இதய டாக்டரும் எலும்பு டாக்டரும் வார்டு வாசலில் நின்று, தையல் போட்ட இடத்தில் கசிவு நின்றதா, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினை எப்போது தொடங்கலாம் என்று வெகுநேரம் பேசியதைப் பார்த்தேன். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

அம்மா இப்போது வாக்கரோடு வாசல் வரை போகிறார். சிஸ்டர், நீங்கள் நாடி குறித்த நீலப் பேனா எங்கள் பையோடு வந்துவிட்டது. அடுத்த முறை காட்ட வரும்போது கொண்டுவருகிறோம்.

நன்றியுடன்,
மகள்